அப்கிரேடு செய்த அன்று வேறு என்னென்ன செய்தீர்கள்?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுக்கிறோம். 2019இல் வாங்கிய கம்ப்யூட்டர். ஐ5 ஒன்பதாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் வராது என்றார்கள். மார்கழியில் முகூர்த்தம் இல்லாமல் வேலை குறைவாக இருந்தபோது அக்கா மகன் வந்து விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தான். அதிலிருந்து நிம்மதி போயிற்று. பிரிண்ட் கொடுக்கும்போது சில நேரம் பொட்டென்று அணைந்து தானாகத் திரும்ப வருகிறது. பெரிய ஃபைல்களைத் திறந்து வேலை பார்த்தால் கறுப்புத் திரையில் ஏதோ எழுத்து வந்து மறைந்து ரீஸ்டார்ட் ஆகிறது. காலையில் முதல் தடவை ஆன் செய்தால் பாதியில் அப்படியே நிற்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். ஃபார்மேட் போட வேண்டும், அப்படியும் சரியாகாவிட்டால் மதர்போர்டு மாற்ற வேண்டும் என்கிறது சர்வீஸ் கடை. தை, மாசி இரண்டும் எங்களுக்குச் சம்பாத்திய மாதம். பழைய விண்டோஸுக்கே போய்விடலாமா? பையன் அன்று இன்னொரு 8 ஜிபி ரேமும் வாங்கிப் போட்டு, உள்ளே தூசி தட்டி, மேசையையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் மேல் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை நான்கு தடவை படித்தேன். நீங்கள் போகிற போக்கில் எழுதியது அது. எனக்கு வேண்டிய தகவல் அங்கேதான் இருக்கிறது.

அன்று உங்கள் கடையில் நடந்தது ஒரு வேலை இல்லை, நான்கு வேலை. விண்டோஸ் மாறியது. புது ரேம் ஏறியது. கேபினட்டைத் திறந்து தூசி தட்டியதில் உள்ளே இருக்கிற ஒயர்கள் அசைந்தன. மேசையை ஒழுங்குபடுத்தியதில் வெளியே இருக்கிற பிளக்குகளெல்லாம் கழற்றி மாட்டப்பட்டன. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற மாற்றம் விண்டோஸ் மட்டும்தான், அதனால் பழி முழுக்க அதன் தலையில் விழுந்துவிட்டது. நீங்கள் சொல்லும் மூன்று தொந்தரவுகளும் ஒரே நாளில் தொடங்கியிருக்கின்றன என்பதால் மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கும் என்று நினைக்க வேண்டியதில்லை. எனக்கு இவை மூன்று தனித்தனிக் கோளாறுகளாகத்தான் தெரிகின்றன. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று சொல்ல முடியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும்.

முதல் வேலையாக, புதிதாகப் போட்ட ரேமைக் கழற்றி வையுங்கள். 'முதலில் பேக்கப் எடுங்கள்' என்றுதானே எல்லோரும் சொல்வார்கள் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் சொல்வேன், ரேம் மேல் சந்தேகம் இல்லாதபோது. ஒரு ஃபைலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் காப்பி எடுக்கும்போது அது ரேம் வழியாகத்தான் போகிறது. ரேம் கெட்டிருந்தால் காப்பியும் கெட்டுப்போகலாம், அதுவும் எந்த எச்சரிக்கையும் காட்டாமல். அதனால் ஆறு வருடம் ஒழுங்காக ஓடிய பழைய ரேமை மட்டும் வைத்துக்கொண்டு பேக்கப் எடுப்பதுதான் பத்திரம். விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் கேட்பதே 4 ஜிபி. 8 ஜிபியில் உங்கள் வேலை கொஞ்சம் மெதுவாக ஓடும், நிற்காது.

கழற்றுவது கஷ்டமில்லை. ஷட் டவுன் செய்து, பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்தாறு நொடி அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டின் இரும்புப் பகுதியை ஒரு தடவை தொட்டுவிட்டு, ரேமின் ஓரத்தில் இருக்கும் கிளிப்பைத் தள்ளினால் அது தானாக மேலே எழும்பும். எது பழசு எது புதுசு என்று ஸ்டிக்கரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். திரும்பப் போடும்போது 'டக்'கென்று சத்தம் கேட்கும்வரை இரண்டு முனையையும் அழுத்த வேண்டும். பாதி உட்கார்ந்த ரேம்தான் பாதிக் கடைகளுக்குச் சோறு போடுகிறது.

கேபினட் திறந்திருக்கும்போதே, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மதர்போர்டுக்குப் போகும் இரண்டு பிளக்குகளையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ஒன்று 24 பின் உள்ள அகலமான பிளக். இன்னொன்று பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னது. தூசி தட்டும்போது அந்தச் சின்னது லேசாக நழுவியிருந்தாலும் போதும், நீங்கள் சொல்வதுபோல 'பொட்டென்று' அணையும். பிராசசர் மேல் இருக்கும் விசிறி சுற்றுகிறதா என்று மூடுவதற்கு முன் ஆன் செய்து கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பேக்கப்பில் பத்திரிகை ஃபைல்களோடு ஃபாண்டுகளையும் சேர்த்து எடுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஃபார்மேட் போட்ட பிறகு பழைய பத்திரிகையைத் திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் கொக்கிகளும் கட்டங்களும் வருவதை டிடிபிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் எடுங்கள், பென் டிரைவை நம்பாதீர்கள். அப்கிரேடு ஃபைல்களைத் தொடாது என்பது பொதுவாகச் சரிதான். ஆனாலும் 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையே துடைத்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதைச் சில நாட்களிலேயே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

சரி, இப்போது ஒவ்வொன்றாக வருவோம்.

பிரிண்ட் கொடுக்கும்போது அணைகிறது என்கிறீர்கள். பிரிண்டர் எந்த பிளக்கில் சொருகியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். என் சந்தேகம், மேசையை ஒழுங்குபடுத்தியபோது லேசர் பிரிண்டரின் ஒயரும் யுபிஎஸ்ஸுக்குப் போயிருக்கிறது. நல்லெண்ணத்தில் செய்கிற தவறு இது. பிரிண்டருக்கும் பாதுகாப்பு இருக்கட்டுமே என்று தோன்றும். லேசர் பிரிண்டருக்குள் டோனர் பொடியைத் தாளில் உருக்கி ஒட்டவைக்க ஒரு சூடான உருளை இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி மாதிரிதான். பிரிண்ட் கொடுத்ததும் அதைச் சூடாக்கப் பல நூறு வாட் ஒரேயடியாக இழுக்கும். கடைகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவதோ ஏறக்குறைய 360 வாட்தான். பிரிண்டர் இழுத்த இழுப்பில் யுபிஎஸ் தடுமாறும், அந்த ஒரு கணத்தில் கம்ப்யூட்டர் விழுந்து எழும். லேசர் பிரிண்டரைச் சொருகாதீர்கள் என்று பல யுபிஎஸ் கையேடுகளிலேயே எழுதியிருக்கும். கையேட்டை யார் படிக்கிறார்கள்!

பிரிண்டர் ஓடத் தொடங்கும்போது கடை விளக்கு லேசாக மங்குகிறதா, யுபிஎஸ் 'டிக்' என்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் பிரிண்டரைச் சுவர் பிளக்குக்கு மாற்றிவிட்டு இரண்டு நாள் வேலை பாருங்கள். இங்க் பிரிண்டராக இருந்தால் இந்தக் கதை பொருந்தாது. அப்போது யுபிஎஸ் பேட்டரியையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் ஓடும்போது யுபிஎஸ் சொருகியிருக்கும் சுவர் சுவிட்சை அணைத்துப் பார்த்தால் பேட்டரியின் லட்சணம் தெரிந்துவிடும். ஃபைல் எதையும் திறந்து வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். கூடவே ஒரு கேள்வி: கேபினட்டைத் தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்கிறதா? ஆமாம் என்றால் எர்த் சரியில்லை. அதற்குக் கம்ப்யூட்டர்காரர் வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்து கம்ப்யூட்டர் தினமும் காலை பத்தரை மணி வாக்கில் ரீஸ்டார்ட் ஆகும். வைரஸ் என்று சொல்லி இரண்டு தடவை ஃபார்மேட் போட்டேன், காசும் வாங்கினேன். மூன்றாம் தடவை போனபோது அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மா, "மாடியில தண்ணி மோட்டார் போட்டா இது பொட்டுனு போயிடும் சார்" என்றார். யுபிஎஸ் பேட்டரி செத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. வாங்கிய காசில் பாதிக்கு ஒரு பேட்டரி வந்திருக்கும். அதிலிருந்து, எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் 'எப்போது ஆகிறது, அப்போது பக்கத்தில் வேறென்ன ஓடுகிறது' என்று கேட்டுவிடுகிறேன்.

மின்சாரக் கோளாறா, உள்கோளாறா என்று கம்ப்யூட்டரிடமே கேட்கலாம். ஸ்டார்ட் மெனுவில் 'ஈவென்ட் வியூவர்' என்று தட்டித் திறந்து, 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்' போங்கள். சிவப்புக் குறியோடு 'கெர்னல் பவர் 41' என்று வரிசையாக இருக்கும். இதைக் காட்டித்தான் சில கடைகளில் "கெர்னல் போயிடுச்சு" என்று பயமுறுத்துவார்கள். அந்த 41க்கு ஒரே அர்த்தம்தான்: போன தடவை ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை. ஏன் என்று அது சொல்லாது. ஆனால் அதைச் சொடுக்கி 'டீடெய்ல்ஸ்' பக்கம் போனால் 'பக்செக் கோட்' என்று ஒரு எண் இருக்கும். அது 0 என்றால் விண்டோஸுக்கே தெரியாமல் ஆள் விழுந்திருக்கிறது: பெரும்பாலும் கரண்ட், இல்லையென்றால் உறைந்து நின்றபோது நீங்களே பட்டனை அழுத்தி அணைத்திருப்பீர்கள். 0 இல்லாமல் வேறு எண் இருந்தால் கறுப்புத் திரை வந்து விழுந்திருக்கிறது. எண் 26 என்றால் நினைவகக் (ரேம்) கோளாறு. 292 என்றால் வன்பொருளே பிழை சொல்லியிருக்கிறது. 159 என்றால் ஏதோ ஒரு டிரைவர் (ஒரு கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் சின்ன மென்பொருள்) தூங்கி எழுவதில் தகராறு. ஒரு தாளில் தேதி, நேரம், அந்த எண், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நான்கைந்து தடவை குறித்து வையுங்கள். அந்தத் தாளோடு போனால் எந்தச் சர்வீஸ் கடையிலும் உங்களிடம் பேசுகிற தோரணை மாறிவிடும்.

இரண்டாவது தொந்தரவு, கறுப்புத் திரை. வெகுகாலம் நீலமாக இருந்த அதே திரைதான். 2025இல் மைக்ரோசாஃப்ட் அதைக் கறுப்பாக்கிவிட்டது; பலர் மானிட்டர் போய்விட்டதென்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் வரும் ஒரு வரிதான் முக்கியம், அது மறைந்துவிடக் கூடாது. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபவுட்', 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' போய், 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' என்பதன் கீழுள்ள பட்டனை அழுத்தி, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை திரை அப்படியே நிற்கும். செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய ஃபைல்களில் மட்டும் இது வருகிறது என்பதால் என் சந்தேகம் ரேம் மேல் போகிறது. சின்ன வேலைக்கு ரேமின் ஒரு பகுதி போதும். நான்கு பக்கக் கலர் பத்திரிகையை மணமக்கள் போட்டோவோடு திறந்தால் அதுவரை சும்மா கிடந்த இடமெல்லாம் பயனுக்கு வரும். அங்கே எங்கோ ஒரு புள்ளி பழுது என்றால் அதன் மேல் கால் வைக்கும்போதுதான் விழும். புது ரேமைக் கழற்றியதுமே கறுப்புத் திரை நின்றுவிட்டால் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. மீதிக்கு, 'மெம்டெஸ்ட்86' என்ற இலவசக் கருவியைப் பென் டிரைவில் ஏற்றி, கடையை மூடும்போது புது ரேமை மட்டும் போட்டு ஓடவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் திரையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அந்த ரேம் வேண்டாம். ரேமில் 'கொஞ்சம் கெட்டது' என்று எதுவும் கிடையாது. பிழையே இல்லையென்றால் இரண்டையும் சேர்த்துப் போட்டு இன்னொரு இரவு சோதியுங்கள். தனித்தனியாக நன்றாக இருக்கும் இரண்டு ரேம்கள் ஜோடி சேராமல் போவதும் உண்டு. ரப்பரால் தேய்த்துப் போடுவது நம் ஊர் வைத்தியம். நானும் செய்கிறேன், பல நேரம் பலிக்கிறது. தேய்த்த துகளைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

மூன்றாவது, காலையில் உறைவது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அது பெரிய துப்பு. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ராத்திரி ஷட் டவுன் கொடுக்கும்போது கம்ப்யூட்டர் முழுசாக அணைவதில்லை. உள்ளே இருக்கும் விண்டோஸ் பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு, காலையில் அதையே எடுத்து விரிக்கிறது. ஏதோ ஒரு டிரைவர் நேற்று முரண்டு பிடித்த நிலையிலேயே இன்றைக்கும் எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்', 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' என்பதற்குள் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். காலையில் சில நொடி தாமதமாக எழும். சாமி படத்துக்கு விளக்கேற்றி முடிப்பதற்குள் தயாராகிவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் கறுப்புத் திரை வந்தால் அப்போது விண்டோஸ் பக்கம் போகலாம். அப்கிரேடால் உண்மையிலேயே கோளாறு வருவதில்லையா என்றால், வருகிறது. 2024இல் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடுவது) மாடல்களில் நீலத் திரை வந்தது. எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) அப்டேட் வந்துதான் தீர்ந்தது. உங்களைப் போன்ற டிடிபி கடைகளில் நான் அதிகம் பார்ப்பது பழைய டாங்கிள் டிரைவர். தமிழ் ஃபாண்ட் மென்பொருளுக்காக யூஎஸ்பியில் சொருகும் பூட்டு இருக்கிறதே, அதன் டிரைவர் பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு வருடம் பழையது. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிவைஸ் செக்யூரிட்டி', 'கோர் ஐசொலேஷன்' போய் 'மெமரி இன்டெக்ரிட்டி'யை ஆன் செய்யப் பாருங்கள். ஒத்துவராத டிரைவர் ஏதாவது இருந்தால் அதன் பெயரையே பட்டியல் போட்டுக் காட்டும். அந்த மென்பொருள் விற்றவரிடம் புது டிரைவர் கேளுங்கள். கிராஃபிக்ஸ், சிப்செட் டிரைவர்களை மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்' என்று வரும் மென்பொருள்களைக் கடைக்குள்ளேயே விடாதீர்கள். அவற்றைப் போட்டுக் கெட்ட கம்ப்யூட்டர்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன, நன்றானது ஒன்றுகூட வந்ததில்லை.

பழைய விண்டோஸுக்குத் திரும்பலாமா என்று கேட்டீர்கள். அப்கிரேடு செய்த 10 நாளைக்குள் என்றால் செட்டிங்ஸில் 'ரெகவரி'க்குள் 'கோ பேக்' என்ற பட்டன் இருக்கும், ஃபைல்கள் போகாமல் திரும்பிவிடலாம். நீங்கள் மார்கழியில் செய்து தையில் எழுதுகிறீர்கள். அந்தக் கதவு மூடிவிட்டது. இனி விண்டோஸ் 10 வேண்டுமென்றால் ஃபார்மேட் போட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு ஒரு வருடம் நீட்டித்தார்கள், 2026 அக்டோபர் 13 வரை. அதற்காக இந்தத் தலைவலி வேண்டாம். உங்கள் பிராசசர் விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருப்பதுதான், குறுக்குவழியில் ஏற்றியதில்லை.

ஃபார்மேட்டைக் கடைசிக்கு வையுங்கள். ரேமோ கரண்டோ காரணமாக இருந்தால் ஃபார்மேட் போட்ட மறுநாளே அதே திரை வரும். கெட்ட ரேமை வைத்துக்கொண்டு விண்டோஸ் ஏற்றினால் ஏறுகிற விண்டோஸே அரைகுறையாக ஏறும். மதர்போர்டு மாற்றச் சொன்னால், எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். வேறு நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பார்த்தார்களா, ரேமை வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தார்களா? இரண்டும் செய்யாமல் சொன்னால் அது ஊகம்தான். உங்கள் பிராசசருக்குப் பொருந்தும் மதர்போர்டு இப்போது புதிதாகக் கிடைக்காமலும் போகலாம். அப்போது பிராசசர், ரேம் என்று செலவு நீண்டுகொண்டே போகும்.

அக்கா மகனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த ரேம் வாங்கிய பில் எங்கே? பல கம்பெனி ரேம்களுக்கு வருடக்கணக்கில் வாரண்டி உண்டு. சோதனையில் பிழை வந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து, ரேம் மேல் இருக்கும் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் பில்லோடு கொடுத்தனுப்புங்கள்; மாற்றிக் கொடுப்பார்கள்.